சிறு வாணிகமும் புது விளம்பரமும்



மலைக்கோட்டையின் அடிவாரத்திலே பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளி ஆசிரியனாகப் பல்லாண்டுகள் பணியாற்றித் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்றவன். தராசு பிடித்துப் பழகிய கை அன்று என்னுடையது; சுண்ணக்கட்டி பிடித்துப் பழகிய கை. அப்படிப்பட்டவன் சிறு வாணிகத்தைப் பற்றியும், கைப்பேசி வழியாக அதற்குச் செய்யப்படும் விளம்பரத்தைப் பற்றியும் பேச வந்திருப்பது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். இவனுக்கும் வாணிகத்துக்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தவறு செய்தேன். அந்தத் தவறே தொடர்பு. அதனை மறைக்காமல் சொல்லிவிட்டால், நம் ஊரிலே சிறு கடை வைத்துப் பிழைக்கும் சிலருக்கேனும் பயன்படும் என்று கருதியே இங்கு வந்தேன்.

தெப்பக்குளத்தைச் சுற்றியுள்ள வீதிகளை நீங்கள் அறிவீர்கள். நந்திகோயில் தெரு, சின்னக்கடைத் தெரு, பெரியகடைத் தெரு என்று ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் கடைவீதிகள் அவை. நானூறுக்கு மேற்பட்ட படிகளை ஏறி உச்சிப்பிள்ளையாரை வணங்கி இறங்குபவர்கள், அந்தக் களைப்போடும் கையிலே ஒரு பொருளை வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். பெரியகடைத் தெருவை ஒட்டிய ஒரு சந்திலே என் பழைய மாணவர் ஒருவர் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். பாட்டனார் தொடங்கிய கடை. எட்டடி அகலம், பன்னிரண்டு அடி ஆழம். பித்தளைக் குடம், வெண்கலப் பானை, செப்புத் தவலை, ஈயச்சொம்பு ஆகியவையே அவருடைய சரக்கு.

மூன்று தலைமுறை நிலைத்து நின்ற அந்தக் கடை சில ஆண்டுகளாகத் தளர்ந்துகொண்டே வந்தது. எவர்சில்வர் வந்த காலத்திலேயே பாதி வாடிக்கை போயிற்று. பல மாடிக் கடைகள் வந்தபோது மேலும் குறைந்தது. பின்னர், வீட்டில் இருந்தபடியே கைப்பேசியில் பொருளைத் தெரிந்தெடுத்து வாசலிலே பெற்றுக்கொள்ளும் வழக்கம் வந்தது. 2020ஆம் ஆண்டில் கொள்ளைநோய்க்காக ஊர் அடைக்கப்பட்டபோது அவ்வழக்கம் வேரூன்றிவிட்டது. 2022ஆம் ஆண்டிலே காவிரிப் பாலம் பழுதுபார்ப்பதற்காக மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அது திறக்கப்படும் வரையில், திருவரங்கத்திலிருந்து வந்துகொண்டிருந்த பழைய வாடிக்கைக்காரர்களும் சுற்றி வர அஞ்சி நின்றுவிட்டார்கள்.

2023ஆம் ஆண்டு தீபாவளிக்கு முன்பு ஒரு மாலை நான் அக்கடைக்குச் சென்றேன். மாணவர் எழுந்து நின்று, “ஐயா, இன்று காலை முதல் இதுவரை விற்றது ஒரு குத்துவிளக்கு. இப்படியே போனால் தைக்குள் கடையைக் காலி செய்துவிட்டு, எங்கேனும் கணக்கெழுதப் போகவேண்டியதுதான்” என்றார். வகுப்பிலே கணக்கில் முதல் மதிப்பெண் வாங்கியவர் அவர். தம் கணக்கைத் தாமே போட்டு முடித்துவிட்டவர்போல் பேசினார். அவருடைய மகள் கல்லூரியிலே படிப்பவள். அவள்தான், “அப்பா, எல்லாரும் கைப்பேசியில் விளம்பரம் செய்கிறார்கள், நாமும் செய்து பார்ப்போம்” என்றாள். “வாசகத்தை ஐயா எழுதித் தரட்டும்” என்றார் மாணவர். நானும் இசைந்தேன்.

இங்கே கதையைச் சற்று நிறுத்தி, விளம்பரம் என்பது நமக்குப் புதியதா என்று பார்ப்போம். காவிரிப்பூம்பட்டினத்தைப் பாடும் பட்டினப்பாலையிலே அந்நகரின் வீதிகளில் பறந்த கொடிகள் வருணிக்கப்படுகின்றன. தெய்வத்துக்கு ஒரு கொடி, வாதுக்கு அழைக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு கொடி, கள் விற்கும் கடைக்கு ஒரு கொடி. இன்ன பொருள் இங்கே உண்டு என்று வானத்திலே எழுதிக்காட்டிய அறிவிப்புகள் அல்லவா அவை! என் சிறுவயதில், 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும், திருவரங்கத்துச் சித்திரை வீதியிலே கீரைக்காரியின் குரலைக் கொண்டே காலை இத்தனை மணி என்று சொல்லுவார்கள். புதுப் படம் வந்தால் குதிரை வண்டியிலே பறை முழங்கத் துண்டு நோட்டீசு வீசிச் செல்வார்கள். சிறுவர்களாகிய நாங்கள் வண்டியின் பின்னே ஓடுவோம்.

பெரிய வாணிகர்களும் இவ்வழியிலேதான் வளர்ந்தார்கள். 1893ஆம் ஆண்டிலே அமிருதாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேசுவரராவ், இசைக் கச்சேரிகளுக்கு வருவோரிடம் அம்மருந்தை விலையின்றிக் கொடுத்துப் பழக்கினார். ‘ஆனந்த விகடன்’ இதழை 1928இல் வாங்கி வளர்த்த எஸ். எஸ். வாசன் அவர்கள், அதற்கு முன்பு விளம்பரங்கள் சேகரித்துத் தருவதையும், அஞ்சல் வழியாகப் பொருள்கள் விற்பதையும் தொழிலாகச் செய்தவர். இந்திய வானொலியும் 1967ஆம் ஆண்டு முதல் வாணிக விளம்பரங்களுக்கு இடம் கொடுத்தது. ஆகவே, தம் பொருளைத் தாமே எடுத்துச் சொல்லுதல் இழுக்கு என்று எண்ண வேண்டுவதில்லை. எவ்வாறு சொல்லுகிறோம் என்பதே கேள்வி.

இனி, புதிய கருவி எப்படிப்பட்டது என்று பார்ப்போம். முகநூல் 2004ஆம் ஆண்டிலும், வாட்ஸ்அப் 2009ஆம் ஆண்டிலும், இன்ஸ்டாகிராம் 2010ஆம் ஆண்டிலும் தோன்றியவை. மூன்றும் இன்று ஒரே நிறுவனத்தின் உடைமைகள். சிறு வணிகருக்கென்றே வாட்ஸ்அப்பில் ஒரு தனிச் செயலி 2018ஆம் ஆண்டில் வந்தது. கடையின் முகவரி, திறக்கும் நேரம், பொருள்களின் படமும் விலையும் ஆகியவற்றை அதிலே அடுக்கி வைக்கலாம். இதற்குக் கட்டணம் இல்லை.

இக்கருவிகள் வேலை செய்யும் முறை ஒன்றல்ல. நம்மை அறிந்தவர்களுக்குச் செய்தி சொல்ல உதவுவது வாட்ஸ்அப். பலருக்கு ஒரே வேளையில் செய்தி விடுத்தாலும், கடையின் எண்ணைத் தம் கைப்பேசியில் குறித்து வைத்திருப்பவர்களுக்கே அது போய்ச் சேரும். ஆதலின், வந்த வாடிக்கையாளரிடம் எண்ணைக் கொடுத்து, அவர் விருப்பத்தைக் கேட்டுப் பெறுவது முதற்படி. நம்மை அறியாதவர்களிடம் கொண்டு செல்வது இன்ஸ்டாகிராம் போன்றது. அங்கே ஒரு சிறு காணொளியை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் என்பதைக் கணித்து, அதைப் போன்ற விருப்பமுடைய பிறருக்கும் கணிப்பொறியே அதனை எடுத்துக் காட்டுகிறது. தேடி வருபவருக்கு வழி காட்டுவது கூகுள் வரைபடம். சந்துக்குள் இருக்கும் கடையையும் அது காட்டிவிடும். காசு கொடுத்துச் செய்யும் விளம்பரமும் உண்டு. இன்ன ஊரில், இன்ன வயதினருக்கு, நாளொன்றுக்கு இவ்வளவு தொகைக்குள் என்று வரையறுத்துக்கொள்ளலாம்.

இவற்றிலே சிறு கடைக்காரருக்கு ஒரு பெருநன்மை இருக்கிறது. பல மாடிக் கடையின் விளம்பரமும், எட்டடிக் கடையின் விளம்பரமும் உள்ளங்கை அகலமுள்ள ஒரே கண்ணாடியிலேதான் தோன்றுகின்றன. அங்கே வாசலின் அகலம் எல்லார்க்கும் ஒன்றே. ஆனால், அந்த நன்மையின் உள்ளேயே ஓர் இடரும் இருக்கிறது. அதனை நான் அறியாமற் போனேன்.

கதைக்குத் திரும்புகிறேன். மாணவர் என்னிடம் சொன்னது இது: பழைய சரக்கிலே முப்பது உருப்படிகளை மட்டும் பாதி விலைக்குக் கொடுக்கலாம், மற்றவை வழக்கமான விலையில் இருக்கட்டும். நான் தாளை எடுத்து எழுதினேன். மலைக்கோட்டை மாநகரிலே நிகரற்ற பாத்திரக் களஞ்சியம் என்று தொடங்கினேன். தீபாவளிக்குப் பாதி விலை என்றேன். வருக வருக என்று முடித்தேன். முப்பது உருப்படிகள் மட்டுமே என்னும் சொற்றொடரை முதலில் எழுதினேன், பிறகு அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் தெரியுமா? அது வாசகத்தின் ஓசையைக் கெடுப்பதாக எனக்குத் தோன்றிற்று. மாணவர் தயங்கினார். “இருக்கட்டும், தம்பி, வந்தவர்களிடம் வாயால் சொல்லிக்கொள்ளலாம்” என்றேன். ஆசிரியர் சொல்லை மறுத்துப் பழகாதவர் அவர்.

அந்த வாசகம் படத்தோடு கைப்பேசியிலே போயிற்று. ஒருவர் ஒன்பது பேருக்கு அனுப்ப, அவர்கள் தத்தம் குழுக்களுக்கு அனுப்ப, அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் சந்து முழுவதும் மக்கள். முப்பது உருப்படிகளும் முக்கால் மணி நேரத்தில் தீர்ந்தன. எஞ்சியவர்கள், “பாதி விலை என்று எழுதினீர்களே, எங்கே?” என்று கேட்டார்கள். அவர்கள் கேட்டதில் பிழை என்ன? எழுதியதைத்தானே கேட்டார்கள்! சிலர் வைதார்கள். சிலர் அங்கேயே நின்று கூகுளில் ஒற்றை விண்மீன் கொடுத்து, ஏமாற்றுக் கடை என்று எழுதினார்கள்.

கூட்டத்தின் ஓரத்திலே திருவரங்கத்து உத்தர வீதியைச் சேர்ந்த ஒரு மூதாட்டியார் நின்றிருந்தார். நாற்பது ஆண்டு வாடிக்கை. பேத்தியின் தலைதீபாவளிச் சீருக்கு வெண்கலப் பானை வாங்க, முழு விலையும் கையிலே எடுத்துக்கொண்டு வந்தவர். உள்ளே நுழைய முடியாமல் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அவர் போவதை மாணவர் கண்டார். கூப்பிடக் குரல் எழவில்லை. நானும் கண்டேன்.

இத்தகைய கூத்து எங்கள் சந்தில் மட்டும் நிகழ்ந்ததன்று. 2021ஆம் ஆண்டு சூலை மாதத்தில், மதுரை செல்லூரிலே புதிதாகத் திறந்த உணவுக் கடை ஒன்று ஐந்து காசுக்குப் பிரியாணி என்று அறிவித்தது. செல்லாத ஐந்து காசு நாணயத்தைத் தேடி எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கானோர் திரண்டார்கள். நோய்த்தொற்றுக் காலம் அது. காவலர் வந்து கூட்டத்தைக் கலைக்க நேர்ந்தது. கூட்டம் சேர்ப்பது அரிதன்று, நேயர்களே. கூட்டம் வேறு, வாடிக்கை வேறு. கூட்டம் விலையைப் பார்த்து வருகிறது. விலை ஏறியவுடன் போய்விடுகிறது. வாடிக்கையோ சொல்லை நம்பி வருகிறது.

நான் அடித்துவிட்ட அந்தச் சொற்றொடர் வெறும் ஒழுக்கத்தைச் சேர்ந்தது மட்டுமன்று, சட்டத்தையும் சேர்ந்தது என்பதைப் பிறகுதான் அறிந்தேன். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ், தவறான விளம்பரங்களைத் தடுப்பதற்கு 2022ஆம் ஆண்டு சூன் மாதத்தில் வழிகாட்டு நெறிகள் வெளியிடப்பட்டன. குறைந்த விலை காட்டி அழைப்பவர், எதிர்பார்க்கத்தக்க தேவைக்குப் போதுமான சரக்கை வைத்திருக்க வேண்டும். சரக்கு அளவானது என்றால் அதனைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து இலட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது இலட்சம் ரூபாய் வரையிலும் தண்டம் விதிக்க அச்சட்டத்திலே இடம் உண்டு. இலக்கணப் பிழைக்காக எத்தனையோ மாணவர்களின் ஏட்டிலே சிவப்பு மையால் கோடிட்டவன் நான். என் ஏட்டிலே கோடிட வேண்டிய இடம் இது.

தீபாவளி கழிந்து சில நாள்கள் நான் அச்சந்தின் பக்கம் போகவில்லை. பின்னர், மாணவரின் மகளே என் வீட்டுக்கு வந்தாள். “தாத்தா, குற்றம் விளம்பரத்தின்மேல் இல்லை. நம்மிடம் இல்லாததைச் சொன்னோம். இருப்பதைக் காட்டுவோமே” என்றாள். முதல் வேலையாக, கூகுளில் வைத பதினேழு பேருக்கும் அவள் விடை எழுதினாள். முப்பது உருப்படிகளே இருந்தன, அதனை நாங்கள் எழுதாமல் விட்டது பிழை, பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதே விடை. அவர்களுள் மூவர் தாம் எழுதியதை நீக்கிக்கொண்டார்கள்.

பிறகு கடையில் நாள்தோறும் நடக்கும் வேலைகளையே கைப்பேசியில் படம் எடுக்கலானாள். பழைய பித்தளைப் பாத்திரத்துக்குத் தொழிலாளி ஈயம் பூசுவது ஒரு நாள். வெண்கலப் பானையைத் தட்டி ஓசை பார்ப்பது ஒரு நாள். நசுங்கிய தவலையின் நசுக்கை எடுப்பது ஒரு நாள். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கு மேற்படாது. எடையும் விலையும் அடியிலே எழுதப்பட்டிருக்கும். விலை அறியத் தனிச்செய்தி அனுப்புக என்று பலர் எழுதுகிறார்களே, அந்தத் தந்திரம் வேண்டாம் என்றாள். கடையிலே விலை கேட்டால் காதிலே சொல்லுவோமா என்ன?

அவள் எடுத்தவற்றுள் ஒன்று ஈயச்சொம்பைப் பற்றியது. வெள்ளீயத்தால் ஆன அச்சொம்பிலே வைத்த இரசத்தின் மணத்தை நான் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால், அது பக்குவமாகக் கையாள வேண்டிய பொருள். வெள்ளீயம் ஏறக்குறைய 232 பாகை வெப்பத்திலே உருகிவிடும். உள்ளே நீர்ப்பொருள் இருக்கும்வரை சூடு அதற்கு மேற்போகாமல் காக்கும். வெறும் சொம்பை அடுப்பிலே வைத்தாலோ உருகி ஒழுகிவிடும். அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? உடைந்த பழைய சொம்பின் ஒரு துண்டை அடுப்பிலே வைத்து, அது உருகுவதையே படம் எடுத்தாள். முதலில் இரசத்தை ஊற்றுங்கள், பிறகு அடுப்பை மூட்டுங்கள், இதை நினைவில் வைக்க இயலாதவர்கள் இதனை வாங்க வேண்டாம் என்று சொன்னாள். தம் பொருளை வாங்க வேண்டாம் என்று சொல்லும் விளம்பரத்தை நான் அதுவரை கண்டதில்லை.

முதல் வாரத்தில் அதனைப் பார்த்தவர் இருநூறு பேர்கூட இல்லை. ஒரு மாதம் கழித்துப் பல்லாயிரவர் பார்த்திருந்தார்கள். சிங்கப்பூரிலிருந்து விமானத்தில் வந்த குடும்பம் ஒன்று, பெட்டி படுக்கையோடு நேரே சந்துக்கு வந்து இறங்கியது. கூட்டம் என்று சொல்லுவதற்கில்லை. நாளொன்றுக்கு நால்வர், ஐவர் வந்தார்கள். ஆயினும், வந்தவர் பொருளை அறிந்து வந்தவர்.

உத்தர வீதி மூதாட்டியாரும் தம் பேரனின் கைப்பேசியில் அதனைப் பார்த்துவிட்டுக் கடைக்குத் தொலைபேசியில் பேசினார். “தம்பி, உருகுவதைக் காட்டினாய், சரி. இதிலே காரீயம் கலந்திருக்கவில்லை என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டார். காரீயம் உடலுக்குக் கேடு, குழந்தைகளுக்குப் பெருங்கேடு. புளிப்புச் சேர்ந்த உணவிலே அது கரைந்து இறங்கக்கூடியது. தூய வெள்ளீயத் துண்டை வளைத்தால் கிரீச்சென்று ஓர் ஒலி எழும் என்பதை நான் வகுப்பிலே சொன்னதுண்டு. ஆனால், அது ஒன்றே தூய்மைக்குப் போதிய சான்று ஆகாது. மாணவரோ, “வழக்கமாக வாங்குமிடத்தில் வாங்குகிறோம், அம்மா” என்றார். அது விடை ஆகவில்லை என்பது அவருக்கே தெரிந்தது. கடையிலிருந்த சொம்புகளுள் இருவகையையும் எடுத்து, உலோகச் சோதனைக்கூடத்துக்கு அனுப்பினார்.

ஒரு வகை தூய்மையானது என்று வந்தது. புதிதாக ஒருவரிடம் வாங்கியிருந்த மற்றொரு வகையிலே காரீயம் இருந்தது.

அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு இரவு ஒன்பது மணிக்கு மாணவர் என் வீட்டுக்கு வந்தார். அவ்வகையில் பதினான்கு சொம்புகள் விற்றாகிவிட்டன. “ஐயா, என்ன செய்வது?” என்றார். உண்மையைச் சொல்லுகிறேன், நேயர்களே. எஞ்சியதை மட்டும் சத்தமின்றி எடுத்து வைத்துவிடு என்று சொல்ல எனக்கு நா எழுந்தது. அப்போதுதான் தலைதூக்கும் கடை. ஊரறியச் சொன்னால் மீண்டும் படுத்துவிடும் என்று அஞ்சினேன். ஆனால், பதினான்கு வீடுகளிலே இரசம் கொதித்துக்கொண்டிருக்கிறது. நான் வாயைத் திறக்குமுன் அவரே, “கேட்டதற்கு மன்னியுங்கள், ஐயா. என்ன செய்வது என்று எனக்குத் தெரியும். துணிவுக்காக வந்தேன்” என்றார்.

அன்றிரவே அறிக்கையின் படத்தோடு நான்கே வரிகள் வெளியாயின. இன்ன மாதம் முதல் இன்ன மாதம் வரை எங்களிடம் இந்த வடிவச் சொம்பு வாங்கியவர்கள் உடனே அதனைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். இதிலே காரீயம் இருப்பது சோதனையில் தெரிந்தது. சோதிக்காமல் விற்றது எங்கள் பிழை. கொண்டுவந்து கொடுத்து முழு விலையையும் பெற்றுக்கொள்ளுங்கள். இவ்வளவுதான். எழுதியவள் அந்தப் பெண். என்னிடம் காட்டினார்கள். ஓர் எழுத்தையும் நான் மாற்றவில்லை.

எண்ணைப் பதிந்து வைத்திருந்த பதினொருவரை மறுநாளே தொலைபேசியில் அழைத்துவிட்டார்கள். எஞ்சிய மூவர் யார் என்றே தெரியவில்லை. செய்தி திருவரங்கத்துக் குடியிருப்பாளர் குழுக்களிலும், உறையூர், தில்லைநகர்க் குழுக்களிலும் கை மாறிச் சென்றது. பாதி விலை விளம்பரத்தைச் சந்துவரை கொண்டுவந்த அதே பாதை! அதன் வழியாக இருவர் கிடைத்தார்கள். ஒருவர் மட்டும் இதுவரை கிடைக்கவில்லை. அந்த நான்கு வரிகள் அக்கடையின் பக்கத்திலே இன்றும் எல்லாவற்றுக்கும் மேலே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. புதிதாக வருபவர் முதலில் காண்பது அதனையே. இது வாணிகத்துக்கு இடையூறு அல்லவா என்று ஒருவர் கேட்டார். “அவர் கிடைக்கும் வரையில் இருக்கட்டும்” என்றார் மாணவர்.

கடை படுத்துவிடவில்லை. பெரிதாக ஓங்கிவிட்டது என்றும் சொல்லமாட்டேன். பதினான்கு சொம்புகளின் விலையும், எடுத்து வைத்த சரக்கின் விலையும் அவருக்கு நட்டம். ஆனால், இன்று அங்கே ஈயச்சொம்பு வாங்க வருபவர் விலையைக் கேட்பதற்கு முன்பு சோதனை அறிக்கையைக் கேட்கிறார். அவர் எடுத்துக் காட்டுகிறார். கடையைக் காலி செய்யும் பேச்சு இப்போது இல்லை. மூதாட்டியார் வெண்கலப் பானையைப் பொங்கலுக்கு வாங்கிக்கொண்டார்.

இவ்வளவும் பட்டறிந்து நான் கற்ற சிலவற்றைச் சிறு கடைக்காரர்களுக்குச் சொல்லி முடிக்கிறேன்.

அளவு, எடை, விலை, நாள் ஆகியவற்றை விளம்பரத்திலேயே எழுதுங்கள். வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விடுவது என் பிழை. அதனை நீங்கள் செய்ய வேண்டாம். நாள்தோறும் வாழ்த்தும் படமும் அனுப்பி வாடிக்கையாளரின் பொறுமையைச் சோதிக்காதீர்கள். சொல்லத்தக்க செய்தி இருக்கும்போது சொல்லுங்கள். கேட்பவருக்குக் காலத்தோடு விடை கொடுங்கள். கடைக்கு வந்தவரை அவருடைய இசைவின்றிப் படம் எடுத்து வெளியிடாதீர்கள். உணவுப் பண்டம் செய்து விற்பவர்கள், வீட்டிலே செய்தாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிந்துகொண்டு அந்த எண்ணைக் காட்டுங்கள்.

உற்றார் உறவினரைக் கொண்டும், காசு கொடுத்தும் புகழ்மொழி எழுதுவிக்காதீர்கள். தேர்வு எழுதுபவனே தன் தாளைத் திருத்திக்கொள்வது போன்றது அது. இணையத்தில் எழுதப்படும் மதிப்புரைகளுக்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022ஆம் ஆண்டில் ஒரு தரநெறியை வெளியிட்டிருக்கிறது. புகழ் பெற்ற ஒருவரைக் கூலி கொடுத்துப் பேசச் செய்தால், அது விளம்பரம் என்பதை அவர் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்று விளம்பரத் தரக் குழு 2021ஆம் ஆண்டிலேயே நெறி வகுத்திருக்கிறது.

வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். கைப்பேசியில் காணும் கடை உண்மையிலேயே இருக்கிறதா என்று விசாரித்துப் பணம் அனுப்புங்கள். ஏமாற்றப்பட்டால் காலம் தாழ்த்தாமல் 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றப் பிரிவுக்குச் சொல்லுங்கள். பொருளைப் பற்றிய குறைகளுக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. ஒரு சிறு கடை தன் பிழையை ஒப்புக்கொண்டு திருத்திக்கொண்டால், நீங்கள் எழுதிய கடுஞ்சொல்லையும் மறுபடி எண்ணிப் பாருங்கள். ஒற்றை விண்மீன் ஒரு குடும்பத்தின் அடுப்பைத் தொடும் பொருள்.

விளம்புதல் என்னும் வினைக்கு நம் மொழியிலே சொல்லுதல் என்பது ஒரு பொருள். உணவு பரிமாறுதல் என்பது மற்றொரு பொருள். இலையிலே இல்லாததை வாயாலே பரிமாறினால் விருந்தினர் பசியோடு எழுந்து போவார். அடுத்த முறை வரமாட்டார். வள்ளுவர் வாணிகத்தைப் பற்றிய குறளை நடுவு நிலைமை என்னும் அதிகாரத்தின் இறுதியிலே வைத்தார். பிறர் பொருளையும் தம் பொருள்போலக் கருதிச் செய்வதே வாணிகம் என்பது அதன் கருத்து. கைப்பேசி வந்த பிறகும் அதனினும் மேலான விளம்பர நெறி ஒன்றை நான் காணவில்லை.

கார்த்திகைத் திருநாளிலே மலைக்கோட்டையின் உச்சியில் ஏற்றும் தீபம் ஊர் முழுவதும் தெரியும். புதிய விளம்பரமும் அத்தகையதே. நம் நிறையும் அதிலே தெரியும். நம் குறையும் தெரியும். விளக்கை உயரத்தில் ஏற்றும் முன்பு, கடையை ஒருமுறை பெருக்கிவிடுவது நல்லது.

ஒரு சொல் மிச்சம் இருக்கிறது. கடையின் பெயரை இங்கே நான் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் விளம்பரம் ஆகிவிடும். ஆயினும், 2024ஆம் ஆண்டின் முற்பகுதியிலே மலைக்கோட்டைக் கடைவீதியில் ஈயச்சொம்பு வாங்கியவர் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தால், அதனை ஒருமுறை சோதித்துவிட்டு அடுப்பில் வையுங்கள். எங்கள் பதினான்காமவர் நீங்களாக இருக்கலாம்.